முடிவே இல்லாத ஆட்டத்தை முடித்த பையன்

டெட்ரிஸ் ஆடாதவர்கள் குறைவு. மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். அவ்வளவுதான். இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் கழித்துத் தோற்பது என்பது மட்டும்தான் கணக்கு.

1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸில் 29-வது லெவல்தான் எல்லை என்று பல வருடங்கள் நம்பினார்கள். அங்கே ஒரு கட்டை 20 வரிசைகளையும் மூன்றில் ஒரு நொடியில் கடந்துவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால் பக்கவாட்டில் நொடிக்கு 10 கட்டம்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஓரத்துக்குப் போவதற்குள் தரை வந்துவிடும். அதற்கு 'கில் ஸ்கிரீன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த எல்லை ஆட்டத்தில் இல்லை. அழுத்திப் பிடித்த விரலில் இருந்தது!

பட்டனைப் பிடித்துக்கொள்ளாமல், விரல் நடுங்குவது போல் படபடவென்று தட்டினால்? அப்படித் தட்டித்தான் 2011-ல் தோர் ஆக்கர்லண்ட் 30-வது லெவலைத் தொட்டார். 2018 உலகப் போட்டியில் ஏழு முறை சாம்பியனான ஜோனஸ் நியூபவரை அதே வித்தையால் வீழ்த்தியவர் 16 வயது ஜோசப் சேலீ. அந்த ஆட்டம் வெளிவந்தபோது அவர் பிறக்கவே இல்லை.

அடுத்து வந்தது இன்னும் விசித்திரம். ஒரு கை விரலைப் பட்டன்மேல் சும்மா வைத்துக்கொண்டு, மறு கை விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் தாளம் போடுவது. விரல் பட்டனுக்குப் போகவில்லை, பட்டன் விரலுக்கு வருகிறது! 'ரோலிங்' என்கிறார்கள். இது வந்த பிறகு 29 வெறும் எண் ஆகிவிட்டது.

அப்புறம் ஆட்டமே திணற ஆரம்பித்தது. 138-க்கு மேல் நிறங்கள் கன்னாபின்னாவென்று மாறும். சில லெவல்களில் கட்டைகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பாவம், அந்தப் பழைய மெஷினுக்குப் பெருக்கத் தெரியாது. லெவல் ஏற ஏற, மதிப்பெண்ணை அத்தனை தடவை கூட்டிக் கூட்டித்தான் கண்டுபிடிக்கும். ஒரு கட்டத்தில் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். உறைந்துபோகும்.

2023 டிசம்பர் 21. ஒக்லஹோமாவில் 13 வயது வில்லிஸ் கிப்சன் சுமார் 38 நிமிடம் ஆடி 157-வது லெவலுக்கு வந்தான். ஒரு வரிசை மறைந்தது. திரை அப்படியே நின்றுவிட்டது. மனிதர்களில் அந்த ஆட்டத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோனது அவன்தான் முதல். கை நடுங்க நாற்காலியில் சாய்ந்துவிட்டான். அதே மாதம்தான் அவன் அப்பா இறந்திருந்தார். இந்த வெற்றியை அவருக்கே சமர்ப்பித்தான்.

முடிந்ததா? இல்லை. உறையாதபடி திருத்திய பதிப்பில் 2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்ட்டியாகா 255-ஐயும் தாண்டினார். அதற்கு மேல் எண்ண மெஷினுக்கு வழியில்லை. லெவல் திரும்ப 0 ஆனது.

கட்டைகள் மறுபடி மெதுவாக விழ ஆரம்பித்தன, முதல்முறை ஆடுபவருக்கு விழுவது போல.