எடின்பரோ: கட்டுமானம் படிப்பவர்களுக்கு ஊரே பாடப்புத்தகம்!

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குச் சுற்றுலா வருபவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், மழையில் நனைவார்கள், கிளம்பிவிடுவார்கள். கட்டுமான மேலாண்மையில் எம்.எஸ்சி. படிக்க வந்த என்னைப் போன்றவர்கள் பார்க்கும் ஊர் வேறு. எந்தக் கட்டடம் என்ன செலவில் முடிந்தது, ஏன் தாமதமானது, அதற்கு யார் பொறுப்பு? இதுதான் எங்கள் சுற்றுலா.

நான் படிப்பது ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில். 1821-ல், உழைக்கும் மக்கள் மாலை நேரத்தில் அறிவியல் படிப்பதற்காகத் தொடங்கப்பட்ட பள்ளிதான் இப்படி வளர்ந்திருக்கிறது. ஊருக்கு வெளியே, மரங்களும் சின்ன ஏரியுமாக அழகான வளாகம். படிப்பு ஒரே வருடம். இரண்டு செமஸ்டர் பாடம், கோடையில் ஆய்வறிக்கை.

செங்கல் அடுக்குவதும் கம்பி கட்டுவதும் பாடத்தில் கிடையாது. ஒப்பந்தம், செலவுத் திட்டம், பாதுகாப்புச் சட்டம், தகராறு வந்தால் தீர்க்கும் வழி... இவைதான் பாடங்கள். "இதுல கட்டடம் எங்கம்மா இருக்கு?" என்று போனில் கேட்டார் அப்பா. தென்காசிப் பக்கம் மேஸ்திரி அவர். தூக்குக்குண்டும் ரசமட்டமும்தான் அவருடைய யுனிவர்சிட்டி.

அப்பாவுக்கு நான் முதலில் சொன்னது டிராம் கதை. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ஓடும் இந்த டிராமுக்குத் திட்டமிட்ட தொகை 545 மில்லியன் பவுண்டு. 2014-ல் ஓடத் தொடங்கியபோது கணக்கு 776 மில்லியன். அதிலும் பாதை பாதியில் நின்றது. கடற்கரைப் பகுதியான நியூஹேவனை எட்டியது 2023-ல்தான். தரைக்கு அடியில் இருந்த குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றுவதில் சிக்கல், ஒப்பந்தக்காரரோடு தகராறு என்று இழுத்துக்கொண்டே போனது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடமும் அப்படித்தான். 1997-ல் அதிகபட்சம் 40 மில்லியன் பவுண்டு என்றார்கள். 2004-ல் திறந்தபோது செலவு 414 மில்லியன்!

"நம்மூரு மாதிரிதான் போல" என்று சிரித்தார் அப்பா. ஆனால், இரண்டுக்கும் தனித்தனியாக விசாரணை நடத்தி, எங்கே, எப்படிச் சறுக்கியது என்று எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சவுத் குயின்ஸ்ஃபெரி. வேவர்லி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் டால்மெனி. படிகளில் இறங்கினால் கடல் கழிமுகம், அதன்மேல் வரிசையாக மூன்று பாலங்கள். சிவப்பு நிற ரயில் பாலம் 1890-ல் திறக்கப்பட்டது. நடுவில் இருப்பது 1964, அடுத்தது 2017. மூன்று நூற்றாண்டுகளின் பொறியியலை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

ரயில் பாலத்தின் தத்துவத்தை விளக்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. இரண்டு பேர் நாற்காலியில் அமர்ந்து கைகளை நீட்டியிருப்பார்கள். அவர்கள் தாங்கும் பலகையில், நடுவில் ஒரு ஜப்பானியர் உட்கார்ந்திருப்பார். அவர் கைச்சி வதனபே. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்தப் பாலத்தில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து கட்டுமானம் படிக்க வந்த எங்கள் சீனியர்!

பாலத்தைக் கட்டும்போது இறந்தவர்கள் 57 பேர் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய ஆவணங்களைத் தேடி, 73 பேர் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது அவர்கள் பெயர்களோடு இரு கரைகளிலும் நினைவுச்சின்னம் நிற்கிறது. நூறு வருடம் கழித்தும் ஒரு தொழிலாளியின் பெயரைத் தேடியிருக்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, அப்பா வேலை பார்த்த பெரிய கட்டடம் ஒன்றில் ஒரு சித்தாள் அக்கா சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். "அப்படி ஒரு ஆள் இங்கே வேலை பார்க்கவே இல்லையே" என்று கைவிரித்துவிட்டார்கள் வேலை கொடுத்தவர்கள். கூலி நோட்டில் அன்றைக்கு 'ஆண் 3, பெண் 4' என்று மட்டும்தான் இருந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்தே இருக்கிறது. ஆனால், வேலை பார்த்ததற்கே அத்தாட்சி இல்லாத வீட்டார் எதைக் காட்டி, யாரிடம் கேட்பார்கள்?

என் ஆய்வறிக்கைக்கு இதையே எடுத்திருக்கிறேன்: சின்ன சைட்டுகளில் தினக்கூலி ஆட்களின் வருகையைப் பதிவுசெய்ய எளிய வழி.

இங்கே படிக்க வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி நடக்கும் நாள்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். அதை நம்பிக் கல்விக் கடனைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதுநிலைப் படிப்பு முடித்தபின் தங்கி வேலை தேடத் தரும் இரண்டு வருட விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நல்ல ஜாக்கெட்டும் மன தைரியமும் அவசியம்.

போன வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது நோட்டு. முதல் பக்கத்தில் அவருடைய கோணல் கையெழுத்தில் ஏழு பெயர்கள், பக்கத்தில் ஏழு போன் நம்பர்கள்.