கிலுகிலுப்பை இல்லாத விரியன்

கோலாலம்பூர்வாசிகள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே இப்போது மலையேற்றம்தான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் வசிக்கும் என் நண்பர்கள் புக்கிட் காசிங்குக்குப் போகிறார்கள். ஏறி இறங்கி, சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பசியாறத் திரும்புவார்கள். எனக்குப் பிடித்த இடம் கெப்போங். அங்கே மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடு, 500 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. ஈயம் தோண்டிக் கைவிட்ட தரிசு நிலத்தில் 1920களில் தொடங்கி மனிதர் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காடு திரும்பினால் அதற்குரியவையும் திரும்பும். அங்கே ஒருநாள் அக்காள் மகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "மாமா, அந்தக் கிளையில என்னமோ சுருண்டிருக்கு." பாதையிலிருந்து இரண்டு மீட்டரில், என் தோள் உயரத்தில், கருமையும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஒரு பாம்பு. முக்கோணத் தலை. அசைவே இல்லை. எங்களுக்கு முன்னால் போன பத்துப் பதினைந்து பேரில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோதும் அதே கிளையில் அப்படியே இருந்தது.

அது வாக்லர் விரியன். பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள பாம்புக் கோயிலில் கிளைகளில் சுருண்டு கிடப்பதும் இதே இனம்தான். பெண் பாம்பு பருத்து, பட்டைகளோடு இருக்கும்; ஆண் மெலிந்து பச்சையாக இருக்கும். இரண்டையும் வெவ்வேறு இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. இதன் விஷத்திலுள்ள ஒரு கூறு தசையை எப்படித் தளர்த்துகிறது என்பதைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கிய பொருள், சுருக்கம் போக்கும் முகப்பூச்சுகளில்கூடச் சேர்கிறது.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இதற்கு ஒரு சிறு குழி உண்டு. இருட்டிலும் உடம்புச் சூட்டை உணரும் உறுப்பு அது. அதனால் இந்தக் குடும்பத்துக்கே குழிவிரியன் என்று பெயர். அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு இதற்கு உறவு. 1775இல் அங்கே விடுதலைப் போரில் இறங்கியவர்கள் அந்தப் பாம்பைத் தங்கள் மஞ்சள் கொடியில் வரைந்தார்கள். அதே நாட்டில், டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் அதைப் பிடித்துக் குவித்துத் திருவிழாவும் நடத்துகிறார்கள். தேசியப் பூங்காக்களிலோ அதைக் கொல்வது குற்றம்.

அந்தப் பாம்பிடம் ஒரு நல்ல குணம்: நெருங்கினால் வாலை ஆட்டி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிடும். நம் காட்டு விரியனுக்கு அந்த ஓசை இல்லை. ஆகவே எச்சரிக்கை நம் கண்ணிலும் கையிலும்தான் இருக்க வேண்டும்.

அந்த எச்சரிக்கை ஒரு காலத்தில் நம்மவர்களிடம் நிறையவே இருந்தது. என் பாட்டி கிள்ளான் பக்கத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரக்காட்டுக்குள் போக வேண்டும். பார்க்காமல் கையை வைக்காதே, தட்டாமல் கட்டையில் உட்காராதே என்பது அவர் பாடம். இருட்டில் 'பாம்பு' என்று சொல்லமாட்டார், 'பூச்சி' என்பார். கறையான் புற்றைக் கண்டால் இடிக்கவிடாமல் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவார்.

தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பாம்புகளின் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். பாம்புகள்தான் வேறு. ஊரில் அதிகம் பேரைக் கடித்த கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்தத் தீபகற்பத்தில் கிடையாது. இங்கே தோட்டங்களில் கண்ட நாகமோ கறுப்பு. படத்தில் கண்ணாடிக் குறி இல்லை. தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய பாம்போடு வாழப் பழகியது அந்தத் தலைமுறை.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின. நாமும் மாடிவீடுகளுக்கு மாறினோம். செம்பனையில் எலி இருக்கும் வரை அதைத் தேடி நாகமும் வரும். செம்பனை போன பிறகு நம் கால்வாய்க்கும் வாசலுக்கும் வருகிறது. புற்றுக்குப் பால் ஊற்றிய குடும்பத்தில், வாசலுக்கு வந்த பாம்பை இன்று கட்டையால் அடிக்கிறோம். கடிபடுபவர்களில் பலர், அடிக்கவோ பிடிக்கவோ நெருங்கியவர்கள். 999ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துப் போகும்.

மலையேறுகிறவர்களுக்குப் பாட்டியின் பாடமே போதும்: ஏறும்போது பிடிமானத்துக்குக் கிளையைப் பற்றுமுன் அதைப் பாருங்கள். வேர்களிலும் பாறை இடுக்கிலும் கைவிடாதீர்கள். கைபேசிப் படத்துக்காக நெருங்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் விஷம் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நம் நாட்டு மருத்துவமனைகள் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்துகளில் பல தாய்லாந்தில் தயாரானவை; பாம்புக்கு ஏற்ப மருந்தும் மாறும். தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் இருந்தால் மருத்துவருக்கு உதவும். அதற்காகப் பாம்பைத் துரத்த வேண்டாம்.

பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அதிகம் பலியாவது வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். பாட்டி பிழைப்புக்காக இருட்டில் நடந்தார். நாம் உடல்நலத்துக்காக வெளிச்சத்தில் நடக்கிறோம். அக்காள் மகன் இப்போது எந்த மலைக்குப் போனாலும் எனக்கு முன்னால் நடக்கிறான், கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே.