ஆயிரத்தொரு மாடுகள் போன பாலம்

சியோலிலிருந்து வடக்கே பாஜு போகும் நெடுஞ்சாலையில் வலப்பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள், இடப்பக்கம் ஹான் ஆறு. நகரம் முடிகிறதா இல்லையா என்று தெரியாத ஓர் இடத்தில், ஆற்றங்கரையோடு முள்கம்பி வேலி சேர்ந்துகொள்கிறது. பேருந்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லைக்கு அருகிலுள்ள இம்ஜின்காக்கில் இறங்கினால் முதலில் காதில் விழுவது குழந்தைகளின் கூச்சல். ராட்டினங்கள், ஊஞ்சல் கப்பல் என்று ஒரு சின்னப் பொருட்காட்சியே இருக்கிறது. அங்கிருந்து சற்றே நடந்தால் மாங்பேதான் என்ற கல் பீடம். வடக்கில் பிறந்து, கொரியா இரண்டாகப் பிரிந்ததில் தெற்கில் மாட்டிக்கொண்டவர்கள் புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் இங்கே வந்து, சொந்த ஊர் இருக்கும் திசை பார்த்து முன்னோருக்குப் படையலிட்டு விழுந்து வணங்குவார்கள். பிரிந்த உறவுகளைத் தேடிப் பதிவு செய்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். இரு பக்க உறவுகளின் கடைசிச் சந்திப்பு நடந்தது 2018 ஆகஸ்டில்.

பக்கத்திலேயே துருப்பிடித்த ரயில் எஞ்சின் ஒன்று. கொதிகலன் முழுக்க ஓட்டைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுத் துளைகளாம். வடகொரியர்கள் சுட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில், கொரியப் போரின்போது 1950-ன் கடைசி நாளில் பின்வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் படை, எதிரிக்கு உதவக் கூடாதென்று தானே சுட்டுச் சிதைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது எல்லைப் பகுதிக்குள்ளேயே கிடந்தது.

அடுத்து எல்லைப் பகுதிக்குள் போகும் தொங்கில் பாலம். இளம் சிப்பாய் ஒருவர் பேருந்தில் ஏறி ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1998-ல் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங் லாரி லாரியாக மாடுகளை ஏற்றிக்கொண்டு இதே பாலம் வழியாகத்தான் வடக்கே போனார். ஜூனில் 500, அக்டோபரில் 501. அவர் பிறந்த ஊர் வடக்கில். இளம் வயதில் அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர். அந்தக் கடனை அடைக்கப் போனார். (நம் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) அடுத்த பத்தாண்டுகள் நம்பிக்கையின் காலம். 2000-ல் தெற்கின் ஜனாதிபதி கிம் டே-ஜுங் வடக்கின் தலைநகர் பியாங்யாங் போனார். 2004-ல் வடக்கில் கேசோங் தொழிற்பேட்டை திறந்தது. தெற்கின் முதலீட்டில் வடக்கின் தொழிலாளர்கள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

எல்லையோரத் தோரா குன்றின் தொலைநோக்கியில் அந்தத் தொழிற்பேட்டை தெரிகிறது. வரிசையான கட்டடங்கள், நான் பார்த்தவரை நடமாட்டம் எதுவும் இல்லை. 2016 பிப்ரவரியில் தெற்கு அதை மூடியது. 2018-ல் தெற்கின் ஜனாதிபதி மூன் ஜே-இன்னும் வடக்கின் தலைவர் கிம் ஜோங்-உன்னும் கைகோத்து எல்லைக்கோட்டைத் தாண்டியதை உலகமே பார்த்தது. இரண்டே ஆண்டில், அந்த நல்லுறவில் பிறந்த தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. 2024 தொடக்கத்தில், ஒன்றிணைவு இனி தன் கொள்கையே அல்ல என்று கிம் அறிவித்தார். அந்த அக்டோபரில் இணைப்புச் சாலைகளும் வெடியில் போயின.

வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். சுற்றுலா இத்துடன் முடிகிறது. எனக்கு அது பாதியில் முடிந்ததாகவே பட்டது. ஏனென்றால் பிரிவினை இந்தக் குன்றடியோடு நிற்கவில்லை. தெற்கின் அரசியலுக்குள்ளும் புகுந்து வேலை செய்தது. 1948-ல் வந்த தேசப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. 1972 ஜூலையில் இரு தரப்பும் சமாதான அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, பார்க் சுங்-ஹீ தெற்கிலும் கிம் இல்-சுங் வடக்கிலும் தத்தமது பிடியை இறுக்கும் புதிய அரசியலமைப்புகளை ஒரே நாளில் கொண்டுவந்தார்கள். அண்ணன் தம்பி சண்டை இரண்டு பேருக்குமே லாபம். 1980-ல் தெற்கின் குவாங்ஜு நகர மக்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்தபோதும், வடக்கின் தூண்டுதல் என்று சொல்லித்தான் ராணுவம் சுட்டது.

2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது எடுத்ததும் அதே பழைய சாக்குதான்: வடக்குக்கு ஆதரவான தேசவிரோத சக்திகள். இந்த முறை சாக்கு எடுபடவில்லை. நள்ளிரவில் மக்கள் நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். வாயிலை அடைத்திருந்ததால் 67 வயது சபாநாயகர் வூ வோன்-ஷிக் மதிலேறிக் குதித்தார். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங்கும் அப்படித்தான் உள்ளே போனார். ஊழியர்கள் நாற்காலிகளைக் கதவில் அடுக்கி, தீயணைப்பான்களைப் பீய்ச்சிப் படையினரைத் தடுத்தார்கள். வந்துசேர்ந்த 190 உறுப்பினர்களும் ராணுவச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கினார்கள். ஜூன் 3 தேர்தலில் வென்ற லீ, பதவிக்கு வந்த சில நாட்களிலேயே எல்லையில் வடக்கை நோக்கி அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிகளை நிறுத்தச் சொன்னார்.

அந்த மதிலைப் பார்க்க, நாடாளுமன்றம் இருக்கும் யொய்டோவுக்கும் போனேன். பெரிய உயரமில்லை. பிரிந்த கொரியாவின் கதையில் தோரா குன்றுக்கு இருக்கும் அதே இடத்தை இதற்கும் கொடுப்பேன்.

சியோல் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். எல்லைச் சுற்றுலாவுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. நாடாளுமன்றத்துக்கு ஒன்பதாம் தட மெட்ரோவில் ஏறினால் போதும். மதிலைப் பார்க்கச் சீட்டு எதுவும் வேண்டாம்.