வெள்ளைக் கோடு

க்ளே, வட நார்ஃபோக் கடற்கரை, இங்கிலாந்து. ஜனவரி. காலை ஏழரை, இன்னும் விடியவில்லை. கிழக்குக் கரைமேட்டின் மேல் நிற்கிறேன். 1926-இல் பறவைகளுக்கென்றே விலைகொடுத்து வாங்கி ஒதுக்கிய சதுப்பு இது. வாங்கியவர்களை நினைத்துக்கொண்டேன்.

*

பக்கத்திலுள்ள பிளேக்னியில் ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் பிரெண்ட் வாத்துகள் புல்வெளிக்கு வருகின்றன. முதலில் சத்தம்தான்: தொண்டைக்குள்ளேயே உருளும் ஒரு குர்ர். கரிய தலை, கரிய கழுத்து, வால்பக்கம் மட்டும் வெளேரென்று. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்திலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவை.

இவற்றோடு ஒரு செம்மார்பு வாத்து மேய்வதாக நேற்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கும் ஊர் தைமிர்தான். ஆனால் அதன் இனம் குளிர்காலத்துக்குப் போவது கருங்கடல் ஓரத்துக்கு, பல்கேரியா, ருமேனியா கோதுமை வயல்களுக்கு. கூட்டம் மாறிச் சேர்ந்தது இங்கே வந்துவிடுகிறது.

*

செம்மார்பு வாத்து, வல்லூறு கூடுகட்டும் பாறையடியில் முட்டையிடும். வல்லூறு தன் கூட்டுக்காக நரியை விரட்டும்; வாத்துக்கும் அதுவே காவல். எத்தனை தலைமுறைத் துணிச்சல்!

*

இரண்டு மணி நேரமாகச் சிவப்பைத் தேடினேன். தப்பு. தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், அந்தச் செந்நிறம் கறுப்போடு கறுப்பாகிவிடும். விலாவில் ஓடும் தடித்த வெள்ளைக் கோட்டைத்தான் தேடவேண்டும் என்று, இன்று பக்கத்தில் வந்து நின்ற அதே பெரியவர் சொல்லித்தந்தார்.

கோட்டுக்காக ஒவ்வொரு வாத்தாகப் பார்க்கப்போய், பிரெண்டுகளின் இளம்பறவைகள் கண்ணில் பட்டன. இறக்கையில் வெளிர்வரிகள் இருந்தால் போன கோடையில் பிறந்தது. 140 எண்ணினேன், இளசு ஏழுதான். தைமிரில் லெம்மிங் எலிகள் குறைந்த ஆண்டில் நரிகள் வாத்துக்கூடுகளுக்குத் திரும்பும். அங்கே எலி குறைந்ததோ, நரி பசித்ததோ, அந்தக் கணக்கு இந்தப் புல்வெளியில் தெரிகிறது. மனசு கனத்துவிட்டது. இன்னொரு முறை எண்ணினேன். ஏழுதான்.

*

10.40. கோடு! வாய்க்காலுக்கு அப்பால், மூன்று பிரெண்டுகளுக்கு நடுவே. பிரெண்டைவிடச் சிறியது, குட்டை அலகு, வேகவேகமாக மேய்கிறது. தலை தூக்கியபோது வெயில் விழுந்து மார்பு செம்பாக எரிந்தது. கை நடுங்கி டெலஸ்கோப்பைத் தட்டிவிட்டேன்.

வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதாக இருந்தால் காலில் வளையம் இருக்கக்கூடும். புல் கால்களை மறைத்தது. காத்திருந்தோம். வாத்து வாய்க்கால் கரையில் ஏறியது. வலது கால், வளையமில்லை. இடது கால், இல்லை. பெரியவர் என் தோளை அழுத்தினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.