விழுந்த இடமும் தள்ளிய இடமும்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடி அறை. மேசையில் இரண்டு கணினிகள், இடையே ஒரு சீரியல் கேபிள். ஒன்று விழுவதற்காகவே வைக்கப்பட்டது. விழும்போது அது சொல்வதைக் குறித்துக்கொள்ள மற்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் வரும் கிராஷ்களுக்குத் துப்புத் துலக்குவது இங்கிருக்கும் இளம் பொறியாளரின் வேலை. சிதம்பரத்தில் படித்தவர். நான் போன அன்று கல்லூரி மாணவர் ஒருவரும் தொழில் பழக வந்திருந்தார்.

செயலி ஒன்று விழுந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். கெர்னல் விழுந்தால் மொத்தக் கணினியும் நின்றுவிடும். நடந்ததை வட்டில் எழுதி வைக்கவும் ஆள் இருக்காது. நெட்வொர்க்கே பழுதாகியிருக்கையில் அதன் வழியே செய்தி வரும் என்று நம்பவும் முடியாது. அதற்குத்தான் கேபிள். கேடம்ப் என்று இன்னொரு ஏற்பாடும் உண்டு: முன்கூட்டியே ஒதுக்கிய நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் இது எழுந்து, அதன் நினைவகத்தை அப்படியே கோப்பாகச் சேமிக்கும்.

முதல் கணினி விழுந்தது; மற்றதன் திரையில் வரிகள் கொட்டின. “காரணம் முதல் வரியிலேயே இருக்கேண்ணே” என்றார் மாணவர்.

“அது விழுந்த இடம், தம்பி. தள்ளிவிட்டது யாருன்னு கீழ தேடு.”

இந்தத் தொழிலின் சாரமே அந்தப் பதிலில் இருக்கிறது. 2019 ஜூன் 17 அன்று உலகுக்குத் தெரியவந்த ‘சாக் பேனிக்’ என்ற கெர்னல் பிழை அதற்கு நல்ல உதாரணம். கண்டுபிடித்தவர் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர் ஜோனதன் லூனி. எந்தெந்தத் தரவு வந்து சேர்ந்தது என்று பெறும் கணினி திருப்பிச் சொல்வதுதான் சாக். அந்தச் செய்தி வந்ததும், அனுப்பும் லினக்ஸ் தன் தரவுக் கட்டுகளில் சிலவற்றை ஒன்றாகச் சேர்க்கும். ஒரு கட்டில் 17 துண்டுகள் வரை. துண்டுக்கு 32 கிலோபைட் வரை. பேக்கெட் அளவு 48 பைட் போதும் என்று எதிர்முனை சொன்னால், டிசிபி ஆப்ஷன்கள் 40 பைட்டை எடுத்துக்கொண்டு, தரவுக்கு 8 பைட்தான் மிஞ்சும். 17 துண்டுகளையும் எட்டெட்டாக வெட்டினால் 69,632 பேக்கெட். எண்ணிக்கையை எழுதும் இடமோ 16 பிட். 65,535க்கு மேல் கொள்ளாது. எண் சுற்றி வந்து 4,096 என்று நிற்கும்.

கணக்கு உதைக்கிறது என்று கண்ட ஒரு சோதனை வரி, கெர்னலையே நிறுத்திவிட்டது. திரையில் தெரிந்தது அந்த வரி. அது காவல்காரன்; குற்றவாளி, கட்டுகளைச் சேர்க்கும் இடத்தில் இருந்தது. 2009இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து பத்தாண்டு காலம் உலகின் சர்வர்களில் அது ஓடியது. கெர்னல் நிரலாளர் எரிக் டுமாசே எழுதிய திருத்தம் சிறியது: அளவு மீறுமானால் சேர்க்காதே.

எல்லாப் பிழையும் இப்படிப் படித்தே பிடிபடாது. 1,000 மாற்றங்களுக்குள் எங்கோ ஒளிந்திருந்தால், ‘கிட் பைசெக்ட்’ என்ற கருவி பாதிபாதியாகப் பிரித்துச் சுமார் 10 சோதனையில் காட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் கெர்னலைக் கம்பைல் செய்து, ஏற்றி, விழவைத்துப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாதவருக்கு இது வேலையே அல்ல.

இந்த வேலையைப் பழக நம் மாணவர்களுக்கும் வழி உண்டு. தமிழக அரசு 2011இல் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸின் மூலநிரல் நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்போதே வந்துவிட்டது. கடலூர், சிதம்பரம் கல்லூரி ஆசிரியர்களே, நெட்வொர்க் ஆய்வகத்தில் ஒரு பழைய கெர்னலை மெய்நிகர் கணினியில் ஏற்றி, விழவைத்து, காரணத்தைத் தேட மாணவர்களிடம் சொல்லுங்கள். பழைய பதிப்புகள் கெர்னல்.ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.