ரயில் கச்சேரி

ரயில் இரைச்சலைச் சங்கீதம் என்றால் நம் வித்வான்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். 1948-ல் பாரிஸ் ரேடியோவில் இருந்த பியேர் ஷேஃபர் என்ற இஞ்சினியர் அதைத்தான் செய்தார். பாத்திஞோல் ஸ்டேஷனுக்குப் போய் எஞ்சின் ஊதுவதையும் சக்கரத் தடதடப்பையும் இசைத்தட்டில் பதிந்துகொண்டார். தட்டில் முள் ஓடும் பாதையை வட்டமாக மூடிவிட்டால் அதே தடதடப்பு திரும்பத் திரும்ப வந்து தாளமாகிவிடும். கீறல் விழுந்த ரிக்கார்டோடு மல்லாடியவர்களுக்கு இது புரியும். மணியோசையில் நாக்கு அடிக்கும் கணத்தை மட்டும் வெட்டிப் பார்த்தார். மிச்சம் மணியென்றே தெரியவில்லை.

ரயிலையும் அப்படி மறந்து வெறும் ஓசையைக் கேட்க வேண்டுமென்பது அவர் ஆசை. கதை எழுதுகிறவனிடம் அது நடக்குமா? தங்கையைப் புக்ககத்துக்கு வண்டியேற்றிய இரவிலிருந்து ஊதல் என்றால் எனக்கு அவள் முகம்தான். மூன்று நிமிஷங்கூட இல்லாத அந்த இசைக்குள் அவளை இரண்டு தடவை வழியனுப்பிவிட்டேன்.