துளை தூரும் காலம்

‘தூர்தல்’ என்னும் வினை தமிழில் கிணற்றுக்கும் குளத்துக்கும் மட்டும் உரியதன்று. காதுத் துளைக்கும் மூக்குத் துளைக்கும் அதுவே வழங்குகிறது. நீர் எடுப்பார் இல்லாத கிணறு மண் மேவித் தூர்வதைப் போல, அணி கழற்றிய துளையும் தூர்ந்துவிடும் என்பது ஊர் வழக்கின் முடிவு. ஹைதராபாத்தில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்துவரும் திருநெல்வேலிப் பெண்ணொருத்தி, அச்சொல்லின் பொருளை ஒரு தேர்வு நாளில்தான் தன் உடம்பிலேயே உணர்ந்தாள்.

அவள் மூக்குக் குத்தி மூன்று வாரமே ஆகியிருந்தது. உதவித்தொகைக்கு வழிசெய்யும் தகுதித் தேர்வை எழுத நகரின் மறுகோடிக்குச் சென்றவளை, வாயிலில் உலோகங்காட்டும் கருவியுடன் நின்ற பெண் காவலர் நிறுத்தினார். இது புதிய வழக்கமன்று. மருத்துவப் படிப்புக்கான ‘நீட்’ தேர்வின் அறிவுறுத்தல்களில் காதணியும் மூக்குத்தியும் பெயர் சுட்டியே விலக்கப்பட்டுள்ளன. தேர்வு நாள்தோறும் பள்ளி வாயில்களில் தாய்மார் மகள்களின் கம்மல் திருகைக் கழற்றப் போராடுவது நாடறிந்த காட்சி. அவளும் மூக்குத்தியைக் கழற்றித் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தாள். ஐந்து மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது மூக்கின்மேல் சிவந்த புள்ளி அப்படியே இருந்தது. மூக்குத்தியின் தண்டோ, சற்று நுழைந்து நின்றுவிட்டது. உள்வாயில் அடைபட்டிருந்தது.

கச்சிபௌலி விடுதியில் உடன் தங்கியிருந்த உயிரியல் துறைத் தோழி இதன் காரணத்தை விளக்கினாள். குத்தப்பட்ட துளை முதலில் வெறும் காயம். காயத்தை மூடுவதே உடம்பின் வேலை. நடுவே ஒரு தண்டு நிற்பதால் மூட முடியாமல், இருமுனைகளிலிருந்தும் தோலின் மேலணுக்கள் தண்டைத் தழுவியபடி உள்நோக்கி வளர்கின்றன. இரண்டும் சந்தித்துத் தடித்த பின் துளை காயமாக இருப்பதில்லை. உள்ளே தோல் வேய்ந்த சிறு குழலாகிவிடுகிறது. காதுமடலின் மென்தசையில் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூக்கில் சில மாதங்கள். மேற்காதின் குருத்தெலும்பில் ஓராண்டு வரையிலும் ஆகலாம். குழல் அமையுமுன் அணியை எடுத்தால் சில மணி நேரத்திலேயே வழி அடைபடும். மூக்கின் உட்புறம் ஈரச்சவ்வு. அது வெளித்தோலினும் விரைந்து கூடிவிடும். சீழ் பிடித்த துளையிலிருந்துகூட அணியை அவசரப்பட்டு எடுக்கலாகாது, வாயில் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

குழல் நன்கு அமைந்த பழைய துளையின் கதை வேறு. அணியை எடுத்தாலும் குழல் அழிவதில்லை, சுருங்குகிறது. உதிர்ந்த தோலணுக்களும் எண்ணெய்ப் பசையும் உள்ளே தங்குகின்றன. நெடுநாள் வெறுமையாக இருந்த காதுத் துளையில் ஒரு வாடை எழுவது அதனால்தான். சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தண்டு தடையின்றி நுழையும். சிலருக்கு ஒருபக்கம் மெல்லிய தோல் படர்ந்திருக்கும்.

தோழி சொன்னதைக் கேட்கையில் அவளுக்கு ஆச்சியின் காது நினைவுக்கு வந்தது. இளமையில் துளையிட்டு, பஞ்சும் ஓலைச்சுருளும் செருகி, ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுமளவுக்கு வளர்த்துப் பாம்படம் பூட்டிய தலைமுறை அது. இதன் தொடக்க முறை மிகப் பழையது. காது குத்தியபின் மூன்று நாளுக்கு ஒருமுறை முன்னதினும் தடித்த திரியை இடவேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. அறுந்த காதுமடலை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளையும் அந்நூல் வகுக்கிறது. அளவு கடந்து நீண்ட மடல் அணியைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே, பாம்படம் நாகரிகக் குறைவென்று கருதப்பட்ட காலத்தில், தென்மாவட்டப் பெண்கள் பலர் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு, அதன்மேல் புதிதாகக் குத்திக் கம்மல் அணிந்தனர். ஆச்சியும் அவர்களுள் ஒருவர். அவர் மடலின் கீழோரத்தில் தையல் தழும்பு கடைசிவரை தடித்தே கிடந்தது.

ஆச்சியின் காதைப் பற்றி வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். அம்மாவின் மூக்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பதினோராண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபின், காரியத்தன்று பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றினார்கள். அன்று பதின்மூன்று வயதாயிருந்த அவள், கதவோரத்தில் நின்று பார்த்திருந்தாள். சிறுவயதில் குத்திய துளை. முப்பது ஆண்டுகள் அணிந்த ஒற்றைக்கல். தூர்ந்திருக்குமா என்று தோழியிடம் கேட்டாள். வெளியே குழிபோலத் தெரியலாம், உள்ளே பெரும்பாலும் மூடியிருக்கும் என்றாள் தோழி.

மூடிய துளையை உடனே குத்தாமல் காயம் முற்றும் ஆறிய பிறகே குத்தவேண்டும் என்பதால், அவள் மூன்று மாதம் பொறுத்திருந்தாள். தசரா விடுமுறையில் அம்மா ஹைதராபாத் வந்தபோது, இருவரும் சார்மினாரை அடுத்த குல்ஜார் ஹௌஸ் பகுதியிலுள்ள ஒரு சிறு நகைக்கடைக்குச் சென்றனர். முதிய பொற்கொல்லர் மகளின் மூக்கைப் பார்த்துவிட்டு, அருகிருந்த அம்மாவின் மூக்கையும் பார்த்தார். இவருடையது திறந்திருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். மகள் விடை தேடுமுன், அம்மா முகத்தைச் சற்றே நிமிர்த்திக் காட்டினார். மெல்லிய பொற்கம்பியொன்று தடங்கலின்றி உள்ளே சென்று மீண்டது.

மகள் வியந்து பார்த்தாள். தோழியின் கணக்கு பிழைத்ததா, உடம்பின் நினைவு அத்தனை வலியதா என்று எண்ணினாள். அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்:

“தலைக்குக் குளிக்கிற அன்னிக்கு ஒரு ஈர்க்கை விட்டு எடுத்திருவேன். தூந்து போச்சுன்னா பிறகு குத்த முடியுமா?”

பதினோராண்டுகள். அந்த வீட்டில் இதை யாரும் அறிந்ததில்லை. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கைச் சீவி, கழுவி, குளியலறையின் தாழிட்ட கதவுக்குப் பின்னால் வாரந்தோறும் செய்யப்பட்ட வேலை அது. மீண்டும் அணியப்போவதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அணியமாட்டேன் என்றும் சொன்னதில்லை. கழற்றியவர்கள் கல்லை மட்டுமே எடுத்துச் சென்றிருந்தார்கள். வழியை அம்மா தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார்.

பொற்கொல்லர் இரு மூக்குத்திகளைத் தட்டில் எடுத்துவைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்டார். தெலுங்கு அறியாத அம்மாவுக்கும் அந்தக் கேள்வி விளங்கிற்று. இப்போதைக்கு ஒன்று போதும் என்று விரலால் காட்டினார். ஆனால் தட்டிலிருந்த மற்றதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலையையும் மகள் வழியாகக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில், புதிதாகக் குத்திய மூக்கைத் தொடவேண்டாம் என்று மகளின் கையை விலக்கிவிட்டார். அடுத்த தேர்வு எப்போது என்று விசாரித்தார். பிறகு, துளை நன்கு ஆறும்வரை எதற்காகவும் கழற்றாதே, ஆறியபின் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு ஓர் ஈர்க்கைச் செருகிக்கொண்டு போ என்றார்.

“அது இரும்பில்லையே. எந்தக் கருவியும் கத்தாது.”